மெலனோமா திரும்பி வந்துவிட்டதோ? கத்திக்கு முன்னால் செய்ய வேண்டியவை

நிறமி அணுக்களில் தொடங்கும் புற்றான மெலனோமாவுக்கு அறுவை முடிந்து ஒரு வருடமோ ஐந்து வருடமோ ஆகியிருக்கும். திடீரென்று ஒரு நாள் தழும்பின் ஓரத்தில் ஒரு கறுப்புப் புள்ளி. அல்லது தொடை இடுக்கில் நெறி கட்டினதுபோல ஓர் உருண்டை. அல்லது வழக்கமாக எடுக்கும் ஸ்கேனில் 'நுரையீரலில் சிறு முடிச்சு காணப்படுகிறது' என்று ஒரு வரி. அன்றிரவு வீட்டில் யாருக்கும் தூக்கம் வராது.

இந்த இடத்தில் நம் வீடுகளில் இரண்டு விதமாக நடக்கும். ஒன்று, "சும்மா நெறிதான், ஒரு மாதம் பார்க்கலாம்" என்று தள்ளிப்போடுவது. இன்னொன்று, பக்கத்தில் இருக்கும் சர்ஜனிடம் ஓடி, "நாளைக்கே எடுத்துடுங்க டாக்டர்" என்று கெஞ்சுவது. முதலாவது தப்பு என்று எல்லோருக்கும் தெரியும். இரண்டாவதும் தப்பாக முடியலாம் என்பது பலருக்குத் தெரியாது. கடந்த சில வருடங்களில் மெலனோமா சிகிச்சையில் எதை முதலில் செய்வது, எதை அப்புறம் செய்வது என்ற வரிசை மாறிவிட்டது. அந்த வரிசையைத்தான் இங்கே ஒவ்வொன்றாகப் பார்க்கப் போகிறோம். உங்கள் டாக்டர் சொல்வதற்குப் பதிலாக இதை வைத்துக்கொள்ள வேண்டாம்; அவரிடம் போகும்போது கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

யாருக்கு, எங்கே திரும்பும்

இணையத்தில் மெலனோமா என்று தேடினால் வெயில், சன்ஸ்க்ரீன், வெள்ளைத் தோல், முதுகில் மச்சம் என்றுதான் வரும். நம்மவர்களுக்கு மெலனோமா அபூர்வம். வருவதில் பெரும்பங்கு உள்ளங்கால், உள்ளங்கை, நகத்தின் அடி, இல்லையென்றால் வாய், மூக்கு, ஆசனவாய் போன்ற ஈரத்தோல் பகுதிகள். இந்த வகைக்கு வெயிலோடு பெரிய சம்பந்தம் இல்லை. பாடகர் பாப் மார்லிக்கு 1977-இல் கால் கட்டைவிரல் நகத்தடியில் கண்டுபிடிக்கப்பட்டதும் இதே வகைதான்; அது பரவி 1981-இல், 36 வயதில் இறந்தார்.

உள்ளங்காலில் வருவதால் முதல் தடவையே தாமதமாகத்தான் பிடிபடும். கால் ஆணி என்று பிளாஸ்திரி போட்டிருப்பார்கள், சுண்ணாம்பு வைத்துச் சுட்டிருப்பார்கள், சர்க்கரைப் புண் என்று மாதக்கணக்கில் கட்டுப் போட்டிருப்பார்கள். கண்டுபிடிக்கும்போது தடிமன் கூடியிருக்கும். தடிமன் கூடக்கூடத் திரும்பி வரும் வாய்ப்பும் கூடும். அதனால் நம்மவர்கள் இந்த விஷயத்தில் கொஞ்சம் கூடுதலாகவே உஷாராக இருக்க வேண்டும்.

திரும்புவது நான்கு இடங்களில். பழைய தழும்பிலோ அதை ஒட்டியோ வரலாம். தழும்புக்கும் அருகிலுள்ள நெறிக்கும் இடைப்பட்ட வழியில் வரலாம்: குதிகாலில் அறுவை நடந்திருந்தால் கெண்டைக்காலிலோ தொடையிலோ தோலுக்கடியில் பட்டாணி அளவில் உருளும். நெறியிலேயே வரலாம்: காலுக்குத் தொடை இடுக்கு, சில சமயம் முழங்கால் மடிப்பு, கைக்கு அக்குள், சில சமயம் முழங்கை, தலை, முகத்துக்குக் கழுத்து. நான்காவது, தூரத்து உறுப்புகள்: நுரையீரல், கல்லீரல், மூளை, எலும்பு, குடல். முதல் மூன்றும் தூரத்துப் பரவல் இல்லாமல் தனியாக இருந்தால் பெரும்பாலும் மூன்றாம் நிலை, நான்காவது நான்காம் நிலை. வைத்தியத்தின் போக்கு இந்தப் பிரிவினையில்தான் தொடங்குகிறது.

பெரும்பாலும் முதல் இரண்டு மூன்று வருடங்களுக்குள் திரும்பும். பத்து வருடம் கழித்துத் திரும்பியவர்களும் உண்டு. "அஞ்சு வருஷம் தாண்டியாச்சு, இனி கவலையில்லை" என்ற கணக்கு மெலனோமாவுக்கு முழுதாகச் செல்லாது.

முதல் படி: தடவிப் பாருங்கள், எழுதி வையுங்கள்

குளிக்கும்போது சோப்பு நுரையோடு விரல் நுனிகளால் தழும்பிலிருந்து தொடங்கி நெறி வரை மெல்லத் தடவுங்கள். சோப்பு வழுக்கலில் சின்ன உருண்டைகள்கூடத் தட்டுப்படும். கறுப்பாகத்தான் இருக்கும் என்று நினைக்காதீர்கள். நிறமே இல்லாத மெலனோமா உண்டு; இளஞ்சிவப்பாக, கொசு கடித்த தடிப்புபோல இருந்து ஏமாற்றும்.

எதாவது தட்டுப்பட்டால் பக்கத்தில் ஒரு ரூபாய் நாணயமோ அளவுகோலோ வைத்து, பகல் வெளிச்சத்தில் போட்டோ எடுங்கள். தேதி, இடம், அளவு, வலிக்கிறதா, நகர்கிறதா என்று எழுதுங்கள். அதை அமுக்கிப் பார்ப்பது, கிள்ளுவது, எண்ணெய் போட்டு உருவுவது வேண்டாம்.

சந்தேகப்படுவதெல்லாம் மெலனோமா ஆகிவிடாது. பித்தவெடிப்பு, சேற்றுப்புண், காலில் முள் குத்திச் சீழ் வைத்தது எல்லாவற்றுக்கும் தொடை இடுக்கில் நெறி கட்டும். தையல் நூலைச் சுற்றித் தழும்பில் முடிச்சு விழும். நுரையீரலில் தெரியும் புள்ளி பழைய டிபியின் வடுவாக இருக்கலாம். இம்யூனோதெரபி, அதாவது உடம்பின் எதிர்ப்பு சக்தியைத் தூண்டிவிடும் மருந்து, ஏற்கெனவே எடுத்தவர்களுக்கு அந்த மருந்தாலேயே நெஞ்சு நெறிகள் வீங்கி, ஸ்கேனில் புற்றுபோலவே ஒளிரும். இதில் உங்களுடையது எது என்று வீட்டில் உட்கார்ந்து தீர்மானிக்க முடியாது. காலில் புண் எதுவும் இல்லாமல் நெறி கட்டியிருந்தாலோ, புண் ஆறிய பிறகும் இரண்டு வாரத்துக்கு மேல் அப்படியே நின்றாலோ, தழும்பருகே புதிதாக எதாவது முளைத்தாலோ, அடுத்த செக்கப் தேதி வரை காத்திருக்காமல் போன் பண்ணி நேரம் வாங்குங்கள்.

கடும் தலைவலியோடு வாந்தி, வலிப்பு, ஒரு பக்கக் கை கால் தளர்வு, மூச்சுத் திணறல், தார்போலக் கறுத்த மலம் என்றால் நேரம் வாங்குவதெல்லாம் கிடையாது. நேராக அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும்.

இரண்டாவது: ஃபைலையும் பிளாக்கையும் கைப்பற்றுங்கள்

டாக்டரைப் பார்க்கும் முன் ஃபைலைத் திரட்டுங்கள். டிஸ்சார்ஜ் சம்மரி, அறுவை விவரக் குறிப்பு, பழைய ஸ்கேன்களின் ரிப்போர்ட்டோடு சேர்த்து, படங்கள் உள்ள சிடி வட்டு. எல்லாவற்றையும்விட முக்கியம் முதல் பயாப்ஸி (சதைப் பரிசோதனை) ரிப்போர்ட். அதில் பிரெஸ்லோ தடிமன், அதாவது கட்டி தோலுக்குள் இறங்கிய ஆழம், எத்தனை மில்லிமீட்டர், மேற்பரப்பு புண்ணாகியிருந்ததா, வெட்டிய ஓரங்கள் சுத்தமா, காவல் நெறி என்று சொல்லப்படும், கட்டியிலிருந்து வருவது முதலில் போய்ச் சேரும் நெறியை எடுத்துப் பார்த்தார்களா, அதில் என்ன வந்தது என்று தேடி, பென்சிலால் அடிக்கோடு போடுங்கள். 1 மில்லிமீட்டருக்குள் இருந்த மெலனோமாவும் 4-ஐத் தாண்டியதும் வேறு வேறு கதை.

அப்புறம் பிளாக். இதைப் பலரும் கேள்விப்பட்டிருக்க மாட்டார்கள். உங்கள் உடம்பிலிருந்து எடுத்த சதையை மெழுகில் பதித்து, நம்பர் போட்ட சின்ன பிளாஸ்டிக் சட்டத்தில் வைத்திருப்பார்கள். கையில் வாங்கிப் பார்த்தால் வெள்ளை மெழுகுக்குள் பழுப்பாக ஒரு துணுக்கு தெரியும். மரபணுப் பரிசோதனைக்கும், வேறு ஆஸ்பத்திரியில் மறுபடி பார்ப்பதற்கும் அதுதான் தேவை. நோயாளியோ நெருங்கிய உறவினரோ ஒரு கடிதம் எழுதிக் கொடுத்து லேபில் கேட்டு வாங்கலாம். சில இடங்களில் திருப்பித் தரும்வரை டெபாசிட் கேட்பார்கள். வாங்கினால் மே மாத வெயிலில் நிறுத்திய காருக்குள் விட்டுவிட்டுப் போகாதீர்கள். மெழுகு உருகினால் நஷ்டம் உங்களுக்குத்தான்.

மூன்றாவது: சதை பேசட்டும்

ஸ்கேன் ரிப்போர்ட்டை மட்டும் வைத்து "திரும்பிடுச்சு" என்று முடிவுகட்டி வைத்தியம் ஆரம்பிப்பதற்கு ஒத்துக்கொள்ளாதீர்கள். மூளைபோல எட்ட முடியாத இடம் என்றால் விதிவிலக்கு. மற்றபடி பயாப்ஸி வேண்டும். நெறியாக இருந்தால் அல்ட்ராசவுண்டில் பார்த்தபடியே ஊசி குத்தி எடுப்பார்கள். மெல்லிய ஊசியைவிடச் சற்றுத் தடித்த ஊசியால் எடுக்கும் துண்டு பின்னால் வரும் பரிசோதனைகளுக்கும் போதும். தோலில் உள்ள சிறு முடிச்சு என்றால் அதை மட்டும் முழுசாக எடுத்து அனுப்புவார்கள்.

"ஊசி குத்தினா புத்து பரவிடும்" என்று யாராவது ஒரு பெரியம்மா கட்டாயம் சொல்லுவார். நெறியில் ஊசிப் பரிசோதனை செய்ததால் மெலனோமா நோயாளிகள் கெட்டுப்போனார்கள் என்பதற்கு ஆதாரம் கிடையாது. ஊசிக்குப் பயந்து தெரியாமலே முழு நெறியையும் வெட்டி எடுப்பதுதான் ஆபத்து. ஏன் என்பது ஆறாவது படியில் வரும்.

சதையைப் பார்ப்பவர் அனுபவசாலியாக இருப்பது முக்கியம். எஸ்100, சாக்ஸ்10, எச்எம்பி45, மெலன்-ஏ போன்ற சாயப் பரிசோதனைகள் செய்யப்பட்டனவா என்று ரிப்போர்ட்டில் பாருங்கள். நிறமில்லாத மெலனோமாவை இவை இல்லாமல் அடையாளம் காண்பது கஷ்டம்.

நான்காவது: உடம்பு முழுவதையும் பாருங்கள்

ஓர் இடத்தில் திரும்பியது உறுதியானால், அது மட்டும்தானா என்று பார்த்தாக வேண்டும். பெட் சிடி (சர்க்கரையை அதிகம் உறிஞ்சும் இடங்களை ஒளிரவிட்டுக் காட்டும் ஸ்கேன்), அல்லது நெஞ்சு, வயிறு, இடுப்புக்கு மருந்து ஏற்றி எடுக்கும் சிடி ஸ்கேன். கால் மெலனோமா என்றால் பாதம் வரை ஸ்கேன் எடுக்கச் சொல்லிக் கேளுங்கள். வழக்கமான பெட் ஸ்கேன் தொடையோடு நின்றுவிடும். கெண்டைக்கால் முடிச்சுகள் அதில் சிக்காது.

பெட் ஸ்கேனில் மூளை சரியாகத் தெரியாது. மூளையே சர்க்கரையை அள்ளி உறிஞ்சும் உறுப்பு என்பதால் முழுவதும் ஒளிரும். அதனால் மூளைக்குத் தனியாக எம்ஆர்ஐ. "பெட் எடுத்தாச்சே, இது எதுக்கு இன்னொரு செலவு" என்று அதைத் தவிர்க்காதீர்கள்.

சர்க்கரை வியாதிக்காரர்களுக்கு ஒரு வார்த்தை: பெட் ஸ்கேன் அன்று சர்க்கரை 200-ஐத் தாண்டியிருந்தால் பல மையங்களில் திருப்பி அனுப்பிவிடுவார்கள். ஆறு மணி நேரம் வெறும் வயிறு, எந்த மாத்திரையை நிறுத்துவது, இன்சுலினை எப்போது போடுவது என்று முந்தின நாளே கேட்டு வையுங்கள். ரத்தப் பரிசோதனையில் கிரியாட்டினின், கல்லீரல் அளவுகளோடு எல்டிஹெச் இருக்க வேண்டும். நான்காம் நிலையில் நோயின் வேகத்தைக் காட்டும் எண் அது.

ஐந்தாவது: மரபணுப் பரிசோதனை

பிராஃப், கிட், என்ராஸ் என்று மூன்று மரபணுக்களையாவது பார்க்கச் சொல்லுங்கள். மேலை நாட்டவரின் தோல் மெலனோமாவில் ஏறக்குறையப் பாதிப் பேருக்கு பிராஃப் மாற்றம் இருக்கும். உள்ளங்கால், நகம் வகையில் அது குறைவு. ஆனால் கிட் மாற்றம் பத்தில் ஒன்றிரண்டு பேருக்கு இருக்கும். பிராஃப் இருந்தால் டாப்ராஃபெனிப், ட்ராமெடினிப் என்ற ஜோடி மாத்திரைகள். கிட் இருந்தால், ரத்தப் புற்றுக்குத் தருகிற இமாட்டினிப் சிலருக்கு வேலை செய்யும். அது இந்தியாவிலேயே தயாராகி மலிவாகக் கிடைக்கிற மாத்திரை. ரிப்போர்ட் வர இரண்டு மூன்று வாரம் ஆகலாம் என்பதால் பயாப்ஸி உறுதியான அன்றே பிளாக்கை அனுப்பிவிடுவது நல்லது.

ஆறாவது: கத்தியா மருந்தா, எது முதலில்?

இதற்காகத்தான் இத்தனை படிகளும்.

தொட்டால் தெரியும் அளவுக்கு நெறியில் திரும்பியிருக்கிறது, வேறெங்கும் இல்லை, வெட்டி எடுக்க முடியும் என்று வைத்துக்கொள்வோம். பழைய வழக்கம், முதலில் நெறிகளை மொத்தமாக எடுத்துவிட்டு, அப்புறம் ஒரு வருடம் இம்யூனோதெரபி. 2023-இல் வெளியான ஸ்வாக் எஸ்1801 என்ற அமெரிக்க ஆய்வு இதைக் கேள்வி கேட்டது. ஒரு பிரிவினருக்கு அறுவைக்கு அப்புறம் பெம்ப்ரோலிசுமாப் என்ற இம்யூனோதெரபி மருந்து 18 டோஸ். இன்னொரு பிரிவினருக்கு அதே மருந்து, அதே 18 டோஸ். மூன்றை மட்டும் அறுவைக்கு முன்னால் கொண்டுவந்தார்கள். இரண்டு வருட முடிவில் நோய் திரும்பாமலோ முற்றாமலோ இருந்தவர்கள், அறுவை முதலில் நடந்த பிரிவில் 49 சதவீதம், மருந்து முதலில் கொடுத்த பிரிவில் 72 சதவீதம்.

2024-இல் நடினா என்ற ஆய்வு இதையே இபிலிமுமாப், நிவோலுமாப் என்ற இரண்டு மருந்துகளைச் சேர்த்துச் செய்து பார்த்தது. அறுவைக்கு முன் இரண்டே டோஸ். ஒரு வருடத்தில் அதே கணக்கு, மருந்து முதலில் கொடுத்த பிரிவில் 84 சதவீதம், அறுவை முதலில் நடந்த பிரிவில் 57 சதவீதம். மருந்து முதலில் பெற்றவர்களில் பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு, எடுத்த நெறியில் உயிருள்ள புற்று ஏறக்குறைய இல்லை. அவர்களுக்கு அறுவைக்குப் பின் மருந்தே தொடரவில்லை.

காரணம் எளிது. கட்டி உள்ளே இருக்கும்போது மருந்து கொடுத்தால், நோய் எதிர்ப்பு அணுக்களுக்குப் பகையை நேரில் பார்த்துப் பழக வாய்ப்புக் கிடைக்கிறது. வெட்டி எடுத்துவிட்டால் அந்த வாய்ப்பு குறைந்துவிடும். அவசரப்பட்டு நெறியை எடுத்துவிட்டு அப்புறம் மெடிக்கல் ஆங்காலஜிஸ்டை (புற்றுக்கு மருந்து கொடுக்கும் டாக்டரை) பார்க்கப் போகிறவர், இந்த வாய்ப்பை ஆபரேஷன் தியேட்டரிலேயே விட்டுவிட்டு வருகிறார். ஆகவே சர்ஜனிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி: "முதலில் மருந்து கொடுத்துவிட்டு அப்புறம் எடுக்கலாமா? மெடிக்கல் ஆங்காலஜி டாக்டரோடு பேசினீர்களா?"

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். இந்த ஆய்வுகளில் இருந்தவர்கள் பெரும்பாலும் வெள்ளைக்காரர்கள், வெயிலால் வரும் வகை. உள்ளங்கால் வகை இம்யூனோதெரபிக்கு அவ்வளவாக மசிவதில்லை. அதனால் அந்தச் சதவீதங்களை அப்படியே நம் கணக்கில் எழுதிக்கொள்ள முடியாது. இருந்தாலும் வரிசையைப் பற்றிய கேள்வியை நம்மவர்களும் கேட்டே ஆக வேண்டும் என்பதுதான் என் கருத்து.

மற்ற நிலைமைகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். தழும்பில் ஒற்றை முடிச்சு என்றால் பெரும்பாலும் அறுவைதான். வழியில் ஒன்றிரண்டு முடிச்சுகள் இருந்தால் எடுக்கலாம். ஆனால் எடுக்க எடுக்கப் புதிதாக முளைத்துக்கொண்டே இருந்தால் கத்தியை நிறுத்திவிட்டு மருந்துக்கு மாறுவது உத்தமம். இதற்காகக் காலையே எடுக்க வேண்டிய நிலை இன்று அரிது. யாராவது உடனே அப்படிச் சொன்னால் இன்னோர் இடத்தில் கேளுங்கள். தூரத்து உறுப்புகளில் என்றால் இம்யூனோதெரபியோ மாத்திரைகளோ முதலில். மூளையில் ஒன்றிரண்டு இடங்கள் என்றால் அந்த இடத்தை மட்டும் குறிவைத்துக் கரண்ட் (கதிர்வீச்சு) வைப்பார்கள். நான்காம் நிலை என்றாலே "கஞ்சி ஊத்திப் பாத்துக்கோங்க" என்று அனுப்பிய காலம் போய்விட்டது: இபிலிமுமாப், நிவோலுமாப் இரண்டையும் சேர்த்து எடுத்தவர்களில் 43 சதவீதம் பேர் பத்து வருடம் கழித்தும் உயிரோடு இருந்ததாக 2024-இல் ஒரு பெரிய ஆய்வின் முடிவு வந்தது. அதுவும் பெரும்பாலும் மேலை நாட்டவர் கணக்குதான்.

ஏழாவது: இன்னொரு டாக்டரிடம் கேட்பது துரோகம் இல்லை

மெலனோமா நம் ஊரில் அபூர்வம் என்பதால், நல்ல புற்றுநோய் மருத்துவர்களே வருடத்துக்குச் சிலரைத்தான் பார்த்திருப்பார்கள். அதனால் இந்த நோய்க்கு இரண்டாவது கருத்து கேட்பது அவசியம். 1954-இல் தொடங்கிய சென்னை அடையாறு கேன்சர் இன்ஸ்டிடியூட், வேலூர் சிஎம்சி, புதுச்சேரி ஜிப்மர், மும்பை டாடா மெமோரியல் ஆகிய இடங்களில் சர்ஜன், மெடிக்கல் ஆங்காலஜிஸ்ட், கரண்ட் வைக்கும் டாக்டர், சதை பார்க்கும் டாக்டர் எல்லோரும் உட்கார்ந்து பேசி முடிவெடுக்கும் ஏற்பாடு உண்டு. டாடா மெமோரியலோடு இணைந்த நவ்யா என்ற சேவையில் ரிப்போர்ட்டுகளை ஆன்லைனில் அனுப்பியே கருத்து பெறலாம். இலங்கையில் மகரகம அபேக்ஷா மருத்துவமனை, வடக்கில் தெல்லிப்பழை.

போகும்போது கேள்விகளைத் தாளில் எழுதிக்கொண்டு போங்கள். இது எத்தனையாவது நிலை? பயாப்ஸியில் உறுதியா? மூளை எம்ஆர்ஐ பார்த்தாயிற்றா? மரபணு ரிப்போர்ட் வருவதற்குள் எதாவது ஆரம்பிக்க வேண்டுமா? இந்த மருந்தின் நோக்கம் குணமாக்குவதா, கட்டுக்குள் வைப்பதா? வேலை செய்கிறதா என்று எப்போது தெரியும், செய்யாவிட்டால் அடுத்தது என்ன? குழந்தை பெறும் வயதில் இருப்பவர்கள் கருமுட்டை, விந்து சேமிப்பு பற்றி மருந்துக்கு முன்னாலேயே கேளுங்கள். கூட வருபவர் ஒருவர் எழுதிக்கொள்ளட்டும். 'மெட்டாஸ்டேஸிஸ்' (தூரத்துப் பரவல்) என்ற சொல் காதில் விழுந்த பிறகு நோயாளிக்கு வேறெதுவும் கேட்காது.

"அப்பாவுக்குத் தெரிய வேண்டாம், கட்டின்னு மட்டும் சொல்லுங்க" என்று டாக்டரின் அறைக்கு வெளியே மடக்கிக் கேட்கும் பிள்ளைகளுக்கு: இம்யூனோதெரபியில் இந்த ரகசியம் செல்லாது. பக்கவிளைவை முதலில் உணர்பவர் அவர்தான். எதற்காக என்று தெரியாதவர் எதையும் சொல்ல மாட்டார்.

பணம்

இம்யூனோதெரபி விலை பெரிது. கையெழுத்துப் போடும் முன், மொத்தம் எத்தனை டோஸ், ஒரு டோஸுக்கு எவ்வளவு என்று எழுத்தில் வாங்குங்கள். தமிழ்நாட்டில் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் உங்கள் மருந்து வருமா, எந்த ஆஸ்பத்திரியில் வரும் என்று அங்குள்ள காப்பீட்டு மேசையில் கேளுங்கள். மருந்து கம்பெனிகளே சில டோஸ் வாங்கினால் மீதியை இலவசமாகத் தரும் உதவித் திட்டங்கள் வைத்திருப்பது உண்டு. டாக்டரின் உதவியாளருக்கோ மருத்துவ சமூகப் பணியாளருக்கோ விவரம் தெரியும். நிலத்தை விற்று மூன்று டோஸ் போட்டுவிட்டு நான்காவதற்குக் காசில்லாமல் நிற்பதைவிட, தொடர முடிகிற வைத்தியம் எது என்று முதல் நாளே டாக்டரிடம் வெளிப்படையாகப் பேசுவது மேல்.

மருந்து ஏறும் காலத்தில் வீட்டில்

இம்யூனோதெரபி கீமோ மாதிரி முடியைக் கொட்ட வைக்காது. அதனால் லேசான மருந்து என்று நினைத்துவிடுகிறார்கள். தூண்டிவிட்ட எதிர்ப்பு சக்தி சொந்த உறுப்புகள்மேலேயே பாயலாம்: குடல், கல்லீரல், நுரையீரல், தைராய்டு, அபூர்வமாக இதயம். ஒரு நாளில் வழக்கத்தைவிட நாலைந்து தடவை கூடுதலாகப் பேதியானால் மெடிக்கல் ஷாப் மாத்திரை போட்டு அடக்காதீர்கள், ஓமத்தண்ணீரும் வேண்டாம். உடனே ஆஸ்பத்திரிக்குப் போன் செய்யுங்கள். நேரத்தில் ஸ்டீராய்டு கொடுத்தால் அடங்கிவிடுவது, விட்டால் குடலையே ஓட்டையாக்கும். மூச்சு வாங்கல், மஞ்சள் கண், அளவுமீறிய சோர்வு, திடீர்த் தாகம் எல்லாம் இதே பட்டியல்.

கஷாயம், லேகியம், 'எதிர்ப்பு சக்தி' பொடிகளை இந்தக் காலத்தில் நிறுத்தி வைக்கச் சொல்வேன். கல்லீரல் அளவு ஏறினால் மருந்தாலா பொடியாலா என்று தெரியாமல், தேவையான மருந்தை நிறுத்த வேண்டி வரும். தோலில் வெள்ளைத் திட்டுகள் வந்தால் மட்டும் வீட்டில் பதறாதீர்கள். நிறமி அணுக்களின் மேல் எதிர்ப்பு சக்தி பாய்வதால் வருவது. மெலனோமாவில் மருந்து வேலை செய்கிறவர்களிடம் அது கூடுதலாகக் காணப்படுகிறது. டாக்டரிடம் காட்டினால் போதும்.

பயாப்ஸியில் 'இல்லை' என்று வந்தால்

நிம்மதிதான். ஆனால் ரிப்போர்ட்டின் வாசகத்தைப் பாருங்கள். 'புற்று அணுக்கள் இல்லை' என்பது ஒன்று. 'மாதிரி போதவில்லை' என்பது வேறு. இரண்டாவது என்றால் பரிசோதனையே நடக்காத மாதிரிதான், திரும்ப எடுக்க வேண்டும். முதலாவது வந்தும் உருண்டை வளர்ந்துகொண்டே போனால் மறுபடி ஊசி, அதிலும் தெளிவில்லை என்றால் அந்த ஒரு முடிச்சை மட்டும் எடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். ஆறேழு வாரத்தில் இன்னோர் அல்ட்ராசவுண்டுக்கு இப்போதே தேதி குறித்துக்கொண்டு, பித்தவெடிப்புக்கோ சேற்றுப்புண்ணுக்கோ மருந்தும் வாங்கிக்கொண்டு வாருங்கள்.